ஹெரால்டில் பிரேக் மிதித்தால் டேஷ்போர்டு விளக்கு எரிகிறது: வயரிங் மொத்தமும் மாற்ற வேண்டுமா?

சத்துவாச்சாரி_ஹெரால்டு

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1965 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார். பெரியப்பா ஓட்டிய வண்டி, ரொம்ப வருஷம் ஷெட்டில் கிடந்தது. பாடியைத் தூக்கி, சேசிஸை பவுடர் கோட்டிங் போட்டு, டிங்கரிங், பெயின்ட் எல்லாம் முடித்து வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். பழைய வயரிங்கையே துடைத்து மாட்டியிருக்கிறோம். பேட்டரி புதுசு, மைனஸ்தான் எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழியாக வண்டியின் உடம்போடு சேர்த்திருப்பது மைனஸ் முனை.

தொல்லைகள் இவை. பார்க் லைட் அணைந்திருக்கும்போது பிரேக் மிதித்தால் டேஷ்போர்டில் மீட்டர் விளக்கு மங்கலாக எரிகிறது. பின்னால் வலது பக்கம் பிரேக் லைட் எரிகிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்கு எரிகிறது. செல்ஃப் அடித்தால் எஞ்சின் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது, சோக் குமிழைத் தொட்டால் கை சுடுகிறது! ஒருவழியாக ஸ்டார்ட் ஆனால் சிவப்பு சார்ஜ் லைட் அணையவில்லை, ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் பளிச்சென்று எரிகிறது. டேங்கில் அரை அளவு பெட்ரோல் இருக்கிறது, முள் காலி என்று காட்டுகிறது.

இங்கே ஒரு எலக்ட்ரீஷியன் பார்த்துவிட்டு, "வயரிங் செத்துப்போச்சு சார், மொத்தமும் உருவிட்டுப் புதுசு போடணும்" என்கிறார். செலவைக் கேட்டால் பெயின்ட் செலவே பரவாயில்லை போலிருக்கிறது. என்ன செய்யலாம்?

ஆம்பூர்_அம்பாசிடர்

யோசிக்கவே யோசிக்காதீர்கள், மாற்றிவிடுங்கள். அறுபது வருஷ வயர். வேலூர் வெயிலில் ஷெட்டில் கிடந்தது வேறு. என் அம்பாசிடர் மார்க் 2-வில் எலி கடித்த இடம் எது, வெயிலில் வெடித்த இடம் எது என்று பிரித்துச் சொல்லவே முடியவில்லை. அந்தக் காலத்து லூகாஸ் கம்பெனி வயரிங்கில் ஹெட்லைட்டுக்கு ஃப்யூஸே கிடையாது, தெரியுமா? பேட்டரியிலிருந்து வரும் பிரவுன் வயர் ஒன்று பாடியில் உரசினால் போதும், பெயின்ட் அடித்த வண்டி கரிக்கட்டையாகிவிடும்.

பழைய_லூகாஸ்

தம்பி, மாற்றுவதற்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள். வண்டியைப் பிரிப்பதற்கு முன் இந்தத் தொல்லைகள் இருந்தனவா? பேட்டரி எர்த் வயரை எங்கே போல்ட் போட்டிருக்கிறீர்கள்? எஞ்சினிலிருந்து சேசிஸுக்கோ பாடிக்கோ பின்னல் காப்பர் பட்டை ஒன்று வரும், அது இருக்கிறதா?

சத்துவாச்சாரி_ஹெரால்டு

பிரிப்பதற்கு முன் வேறொரு பேட்டரி போட்டுப் பார்த்தபோது லைட், ஹாரன், செல்ஃப் எல்லாம் வேலை செய்தன ஐயா. அந்த வீடியோ இருக்கிறது. பேட்டரி எர்த் பாடியில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே. காப்பர் பட்டை எதுவும் கண்ணில் படவில்லை. பெயின்ட் கடைக்காரர் வேலை சுத்தம், போல்ட் ஓட்டைக்குள்கூடப் பெயின்ட் போயிருக்கிறது.

பழைய_லூகாஸ்

அப்போது விஷயம் அங்கேதான் இருக்கிறது. உங்கள் வயரிங் சாகவில்லை தம்பி, எர்த்தைப் பெயின்ட் மூடிவிட்டது. நான் வாலாஜாவில் ஆட்டோ எலக்ட்ரிகல் கடை வைத்திருந்தவன். புதுப்பித்து வரும் வண்டிகளில் முக்கால்வாசிக்கு இதே கதைதான். வயரிங்கை மாற்றினாலும் இந்தத் தொல்லைகளில் ஒன்றுகூடப் போகாது. புது வயரின் கறுப்பு முனையையும் கொண்டுபோய் அதே பெயின்ட் மேல்தானே முறுக்கப் போகிறார்கள்?

ஹெரால்டு மற்ற கார் மாதிரி ஒரே கூடு இல்லை. சேசிஸ் தனி, அதன் மேல் பாடித் துண்டுகள் ரப்பர் பேடு வைத்து போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். எஞ்சின் சேசிஸில், அதுவும் ரப்பர் மவுண்டில். பேட்டரியின் எர்த் பாடியில். இப்போது கணக்குப் பாருங்கள். செல்ஃப் மோட்டார் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் எஞ்சின் பிளாக்கிலிருந்து பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். பட்டை இல்லை. பழைய சேசிஸில் துருவும் எண்ணெயும் இருந்தாலும் போல்ட் வழியாக இரும்பும் இரும்பும் எங்காவது தொட்டுக்கொண்டிருந்தன. இப்போது பவுடர் கோட்டிங் கண்ணாடி மாதிரி நடுவில் நிற்கிறது. மிஞ்சியது சோக் கேபிளின் இரும்புச் சுருள் ஒன்றுதான். கார்புரேட்டரில் ஒரு முனை, டேஷ்போர்டில் மறு முனை. அத்தனை கரண்டும் அதில்தான் போகிறது. குமிழ் சுடாமல் என்ன செய்யும்? இன்னும் கொஞ்சம் அடித்திருந்தால் கேபிள் சிவந்து, உள்ளே கம்பி ஒட்டிக்கொண்டிருக்கும். பட்டை போடும் வரை செல்ஃப் தொடாதீர்கள்.

பாலாறு மேலே வறண்டு கிடந்தாலும் மணலுக்கு அடியில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். கரண்டும் அப்படித்தான். போட்ட வழி அடைபட்டால் போடாத வழியில் போகும். பிரேக் மிதித்தால் டேஷ்போர்டு எரிவதும் அதே கதை.

குடியாத்தம்_பையன்

ஐயா, நடுவில் வந்ததற்கு மன்னிக்கவும். சோக் கேபிள் புரிகிறது. பிரேக்குக்கும் டேஷ்போர்டு விளக்குக்கும் வயரே சம்பந்தமில்லையே, எப்படி எரியும்?

பழைய_லூகாஸ்

நல்ல கேள்வி தம்பி. பின்னால் இருக்கும் பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரே கண்ணாடிக்குள் இரண்டு இழை. 21 வாட் பிரேக்குக்கு, 5 வாட் பார்க் லைட்டுக்கு. அடியில் இரண்டு புள்ளி, இரண்டு இழைக்கும் தனித்தனி லைவ், அதாவது கரண்ட் வந்து சேரும் முனை. எர்த் மட்டும் பொது, அது பித்தளை உறைதான். அந்த உறை ஹோல்டர் வழியாக மட்கார்டு தகட்டைத் தொட வேண்டும்.

இப்போது தகட்டில் பெயின்ட். பிரேக் மிதித்ததும் பச்சையில் ஊதாக் கோடு போட்ட வயரில் கரண்ட் வந்து 21 வாட் இழைக்குள் நுழைகிறது. உறைக்கு வருகிறது, வெளியே போக வழி இல்லை. பக்கத்தில் 5 வாட் இழை இருக்கிறது. அதற்குள் நுழைந்து, சிவப்பு வயரில் பின்னோக்கி ஓடுகிறது. அந்தச் சிவப்பு வயர்தான் பார்க் லைட்டுக்கும் மீட்டர் விளக்குக்கும் போவது. அவற்றுக்கு எர்த் சரியாக இருப்பதால் அங்கே போய் இறங்குகிறது. அதனால்தான் பார்க் சுவிட்ச் அணைந்திருந்தும் மீட்டர் விளக்கு மங்கலாக எரிகிறது, 21 வாட் இழை சூடே ஏறாமல் கிடக்கிறது.

சோதிக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. நீளமான வயர் ஒன்றை பேட்டரி மைனஸில் மாட்டி, மறு முனையால் அந்தப் பித்தளை உறையைத் தொடுங்கள், ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். பிரேக் லைட் பளிச்சென்று வந்து டேஷ்போர்டு அணைந்தால் முடிந்தது கதை.

ராணிப்பேட்டை_பேனல்

ஐயா சொன்னது சரி. நான் சிப்காட்டில் கன்ட்ரோல் பேனல் வேலை செய்கிறவன், மீட்டர் பற்றி ஒன்று சேர்க்கிறேன்.

தயவுசெய்து மல்டிமீட்டரை "பீப்" சத்தத்தில் வைத்து எர்த் பார்க்காதீர்கள். நிறையப் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கேபிளில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் பீப் அடிக்கும். மீட்டர் அனுப்புவது மில்லி ஆம்பியர், செல்ஃப் கேட்பது நூற்றுக்கணக்கான ஆம்பியர். லோடு ஓடும்போது எவ்வளவு வோல்ட் விழுகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

மீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். ஒரு முனை பேட்டரி மைனஸ் கம்பத்தின் மேலேயே, கிளாம்பில் இல்லை, ஈயக் கம்பத்தில். மறு முனை எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்தில். எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிடாமல் இருக்க இக்னிஷன் காயில் வயரைக் கழற்றிவிட்டு செல்ஃப் ஒரு நொடி அடிக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு நொடிக்குக் கேபிள் ஒன்றும் ஆகாது. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டது, 0.2-க்குள் இருந்தால் அருமை. இதே மாதிரி பிரேக் மிதித்தபடி மைனஸுக்கும் லைட் ஹோல்டருக்கும் பாருங்கள். லைவ் பக்கமும் இப்படித்தான், பேட்டரி பிளஸுக்கும் பல்பின் புள்ளிக்கும் நடுவே. எந்தப் பக்கம் வோல்ட் விழுகிறதோ அந்தப் பக்கம்தான் கோளாறு. இந்த ரீடிங் இல்லாமல் "வயரிங் செத்துப்போச்சு" என்று சொல்வது ஜோசியம்.

ஆம்பூர்_அம்பாசிடர்

ஜோசியம் என்று சொல்லுங்கள், பரவாயில்லை. ஆனால் தீப்பிடித்தால் மீட்டர் வந்து அணைக்காது.

சத்துவாச்சாரி_ஹெரால்டு

ரீடிங் எடுத்துவிட்டேன். செல்ஃப் அடிக்கும்போது மைனஸுக்கும் பிளாக்குக்கும் நடுவே 3.1 வோல்ட். வலது பின் விளக்கில் 10-க்கு மேல்! இடது பக்கம் 0.4.

பழைய பட்டை எங்கே என்று பெயின்ட் கடையில் போய்த் தேடினேன். கழற்றிய சாமான் டப்பாவில், "இது எதுக்குன்னு தெரியல" என்று ஒதுக்கி வைத்திருந்த குவியலில் இருந்தது. நடுவில் அறுந்து நான்கு இழைதான் மிச்சம். புதுப் பட்டை வாங்கி எஞ்சினிலிருந்து சேசிஸுக்கு ஒன்று, சேசிஸிலிருந்து பாடிக்கு ஒன்று போட்டேன். போல்ட் உட்காரும் இடத்தில் மட்டும் உப்புத்தாள் வைத்து இரும்பு தெரியும் வரை தேய்த்தேன், மனசு வலித்தது. இப்போது செல்ஃப் அடித்தால் 0.15. எஞ்சின் படபடவென்று சுற்றுகிறது, சோக் குமிழ் ஜில்லென்று இருக்கிறது.

வலது பின் விளக்கிலும் தேய்த்துவிட்டேன், டேஷ்போர்டு பேய் போய்விட்டது. ஆனால் சார்ஜ் லைட் அப்படியேதான் இருக்கிறது.

பழைய_லூகாஸ்

தேய்த்த இடத்தை அப்படியே விடாதீர்கள். பல் வைத்த ஸ்டார் வாஷர் போட்டு முறுக்கி, மேலே வாஸ்லின் தடவுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மழைக்குத் துரு வந்துவிடும், மறுபடி முதலிலிருந்து.

சார்ஜ் லைட்டுக்கு வருவோம். இது கொஞ்சம் சூட்சுமம். மிதிக்க மிதிக்க லைட் மங்கினால் ஒரு காரணம், பளிச்சென்று ஆனால் வேறு காரணம். உங்களுடையது இரண்டாவது. பானட்டுக்குள் தகட்டில் இருக்கும் ரெகுலேட்டர், அதாவது நாம் கட்அவுட் என்று சொல்கிறோமே, அதைப் பாருங்கள். டெர்மினல்களில் ஏ, ஏ1, எஃப், டி, ஈ என்று அடித்திருக்கும். டி-யில் பிரவுன் மஞ்சள் வயர், பேட்டரியை சார்ஜ் செய்யும் டைனமோவிலிருந்து வரும். எஃப்-இல் பிரவுன் பச்சை, அது ஃபீல்டுக்கு, அதாவது டைனமோவுக்குள் காந்தம் உண்டாக்கும் சுருளுக்கு. ஈ கறுப்பு, எர்த்.

உள்ளே இரண்டு சுருள். ஒன்று வோல்டேஜ் ஏறினால் ஃபீல்டைக் குறைப்பது. இன்னொன்று 13 வோல்ட் வாக்கில் பாயிண்டை ஒட்டவைத்து டைனமோவை பேட்டரியோடு சேர்ப்பது. இரண்டுக்கும் எர்த் அந்த ஈ வழியாகத்தான். ஈ போய்விட்டால் இரண்டு சுருளும் செத்த பிணம். பாயிண்ட் ஒட்டாது, அதனால் பேட்டரிக்கு ஒரு ஆம்பியர்கூடப் போகாது. ஃபீல்டைக் குறைக்கவும் ஆள் இல்லை, டைனமோ தன்னிஷ்டத்துக்கு 20, 25 வோல்ட் என்று ஏறும். சார்ஜ் லைட்டின் ஒரு பக்கம் பேட்டரியின் 12, இன்னொரு பக்கம் டைனமோவின் 25. எரியாமல் என்ன செய்யும்? பல்பு ஃபியூஸ் ஆவதற்கு முன் எஞ்சினை அணைத்துவிடுங்கள், டைனமோ ஃபீல்டும் வெந்துவிடும்.

சத்துவாச்சாரி_ஹெரால்டு

ஐயா!! ஈ-யில் கறுப்பு வயர் இருக்கிறது. மறு முனையை பானட் தகட்டில் ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள். பளபளவென்று பெயின்ட் மேல். தேய்த்து முறுக்கினேன், லைட் அணைந்துவிட்டது. ஐடிலில் மட்டும் லேசாக மினுக்குகிறது.

பழைய_லூகாஸ்

ஐடிலில் மினுக்குவது டைனமோ வண்டியின் சுபாவம். மெதுவாகச் சுற்றும்போது டைனமோ சார்ஜ் செய்யாது.

டைனமோவுக்கு அடி பட்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். டைனமோவிலிருக்கும் இரண்டு வயரையும் கழற்றி, டி, எஃப் இரண்டையும் ஒரு துண்டு வயரால் சேர்த்து, அதற்கும் டைனமோ உடம்புக்கும் நடுவே மீட்டர் வையுங்கள். ஐடிலிலிருந்து மெல்ல ஏற்றினால் வோல்ட் விறுவிறுவென்று ஏற வேண்டும். 20-ஐத் தாண்ட விடாதீர்கள், ரேஸ் ஏற்றாதீர்கள். ஒன்றிரண்டு வோல்ட்டிலேயே நின்றால் ஃபீல்டு போய்விட்டது என்று அர்த்தம். அது மிச்சக் காந்தம் மட்டும் தரும் வோல்ட்.

இன்னொன்று. அந்தக் கால லூகாஸ் வண்டிகள் பல பாசிட்டிவ் எர்த்தில் வந்தவை. யாரோ நடுவில் மைனஸுக்கு மாற்றியிருப்பார்கள். காயிலில் மைனஸ் பக்கம் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகிறதா என்று பாருங்கள், தலைகீழாக இருந்தாலும் ஓடும், ஸ்பார்க்தான் பலவீனமாக இருக்கும்.

காட்பாடி_ஜங்ஷன்

இவ்வளவு கஷ்டம் எதற்கு, டைனமோவுக்குப் பதில் மாருதி ஆல்டர்னேட்டரைத் தூக்கிப் போட்டால் எல்லாம் தீர்ந்ததே?

பழைய_லூகாஸ்

போடலாம். தினமும் சென்னைக்கு ஓட்டுகிறவர் போடட்டும். ஞாயிற்றுக்கிழமை ரத்னகிரி வரை போய் வருகிறவருக்கு டைனமோ போதும். எர்த் சரியில்லாத வண்டியில் ஆல்டர்னேட்டர் போட்டாலும் அதே சோக் கேபிள்தான் சூடாகும்.

ராணிப்பேட்டை_பேனல்

பெட்ரோல் முள்ளை மறந்துவிட்டீர்கள். டேங்க் டிக்கியில் இருக்கிறது, மிதவை யூனிட்டுக்கும் எர்த் வேண்டும். டேங்கையும் பெயின்ட் அடித்திருப்பார்களே? மீட்டரில் இரண்டு வகை உண்டு. இக்னிஷன் போட்டதும் முள் விசுக்கென்று எழுந்து, வண்டி ஆட ஆட ஆடினால் ஒரு வகை. எழ நேரம் எடுத்து சோம்பேறியாக நகர்ந்தால் அது சூட்டில் வேலை செய்யும் வகை. சூட்டு வகையில் எர்த் போனால் முள் காலியில் படுக்கும். விசுக் வகையில் எர்த் போனால் முழுசு காட்டும். காலி என்று காட்டுவதால் உங்களுடையது சூட்டு வகையாக இருந்தால் எர்த்தான். விசுக் வகையாக இருந்தால் வயர் எங்கோ பாடியில் தட்டுகிறது. பார்த்துச் சொல்லுங்கள், பெட்ரோல் பக்கம் தீப்பொறி வேண்டாம், பேட்டரியைக் கழற்றிவிட்டு வேலை செய்யுங்கள்.

சத்துவாச்சாரி_ஹெரால்டு

சோம்பேறி வகைதான் அண்ணா. டேங்கிலிருந்து பாடிக்கு ஒரு கறுப்பு வயர் தனியாகப் போட்டேன், அரை டேங்க் காட்டுகிறது.

அப்புறம் ஹெட்லைட். எர்த் சரியான பிறகும் அகல் விளக்கு மாதிரிதான். 60/55 வாட் ஹாலஜன் போடலாமா?

ஆம்பூர்_அம்பாசிடர்

இப்போது என்னைக் கொஞ்சம் பேச விடுங்கள். எர்த் விஷயத்தில் ஐயா சொன்னது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 60 வாட் இரண்டு என்றால் ஹை பீமில் 10 ஆம்பியர். அந்த டைனமோ முக்கித் தக்கி 20 சொச்சம்தான் தரும். அதுவும் பழைய சுவிட்ச், டிம்மர் வழியாக. அந்தக் காலத்து 45/40-க்குப் போட்ட வயர் அது. ரிலே, அதாவது சின்னக் கரண்டில் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச், இல்லாமல் ஹாலஜன் போட்டால் டிம்மர் சுவிட்ச் உருகும். நான் பார்த்திருக்கிறேன்.

ரிலே இரண்டு போடுங்கள், லோவுக்கு ஒன்று, ஹைக்கு ஒன்று. பேட்டரியிலிருந்து ரிலேக்கு 28/0.30 வயர் (0.30 மி.மீ. இழை 28 கொண்டது), நடுவில் 15 ஆம்பியர் ஃப்யூஸ். பழைய நீல வயர் ரிலேயைத் தூண்டுவதற்கு மட்டும். அப்படிச் செய்தால் பழைய வயரிங்குக்கு ஹெட்லைட் பாரமே இல்லை. வீட்டு வயர் மிச்சம் இருக்கிறது என்று அதை இழுக்காதீர்கள், ஆட்டோ வயர் என்று கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், பழைய கண்ணாடி ஃப்யூஸ் வாங்கும்போது கவனம். லூகாஸ் ஃப்யூஸில் 35 என்று போட்டிருந்தால் அது வெடிக்கும் அளவு, தொடர்ந்து தாங்குவது பாதிதான், 17 சொச்சம். இப்போது கடையில் கிடைக்கும் 35 தொடர்ந்து 35 தாங்கும். வயர் எரிந்த பிறகுதான் அது போகும்.

பழைய_லூகாஸ்

இது முழுக்க முழுக்கச் சரி. வயர் மாற்ற வேண்டிய இடம் எது என்பதற்கும் ஒரு சோதனை சொல்கிறேன். எஞ்சினுக்குப் பக்கத்து வயரை விரலில் லேசாக வளையுங்கள். மேல் தோல் விரிசல் விட்டால் மாற்றுங்கள். ஒரு முனையை அரை அங்குலம் சீவுங்கள். செம்பு சிவப்பாக இருந்தால் விடுங்கள், கறுத்திருந்து சால்டர் பிடிக்காவிட்டால் மாற்றுங்கள். பெரும்பாலும் டைனமோ, செல்ஃப், காயில் பக்கம் மட்டும்தான் போயிருக்கும். டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் வயர் வெயில் பார்க்காதது, அப்படியே இருக்கும். எலி கடித்த இடம் தனிக் கணக்கு.

மாற்றும்போது அதே நிறம் போடுங்கள் தம்பி. பிரவுன் பேட்டரி, வெள்ளை இக்னிஷன், பச்சை இக்னிஷன் வழி ஃப்யூஸுக்குப் பிறகு, நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க், ஊதா எப்போதும் லைவ், கறுப்பு எர்த். நாளைக்கு ராத்திரி பள்ளிகொண்டா பக்கத்தில் நின்றுவிட்டால், டார்ச் வைத்துப் பார்க்கிறவனுக்கு இந்த நிறம்தான் வரைபடம். எல்லாத்தையும் சிவப்பு வயரில் இழுத்து வைத்துவிட்டுப் போகும் புண்ணியவான்கள் இருக்கிறார்கள்.

சத்துவாச்சாரி_ஹெரால்டு

வளைத்துப் பார்த்தேன். காயில் வெள்ளை வயரும் டைனமோ வயர் இரண்டும் விரிசல், மற்றது நன்றாக இருக்கிறது. அந்த மூன்றும், ஹெட்லைட் ரிலேயும் மட்டும் செய்யப் போகிறேன். எலக்ட்ரீஷியனிடம் சொன்னேன், "உங்க இஷ்டம் சார்" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டார்.

முன்னால் பானட்டுக்குப் போகும் புல்லட் கனெக்டர் ரப்பர் உறைகள் பொடிப்பொடியாக உதிர்கின்றன. வேலூரில் கேட்டால் எல்லாரும் தட்டை லக்கைத்தான் நீட்டுகிறார்கள். எங்கே கிடைக்கும்?

காட்பாடி_ஜங்ஷன்

சென்னை புதுப்பேட்டையில் பழசு, ஜி.பி. ரோட்டில் புதுசு. காலை ரயிலில் போனால் மதியத்துக்குள் வேலை முடிந்துவிடும். பெங்களூரு என்றால் ஜே.சி. ரோடு.

பழைய_லூகாஸ்

புதுப்பேட்டையில் பழசு வாங்காதீர்கள், ரப்பர் அங்கேயும் உதிர்ந்துதான் இருக்கும். புதுசாக, பித்தளைப் புல்லட்டும் உறையும் சேர்த்துக் கேளுங்கள். பிளையரில் நசுக்கி விடாமல் சால்டர் வைத்துப் போடுங்கள். பானட்டைத் திறந்து மூடும்போது வயர் இழுபடாத அளவு நீளம் விடுங்கள். வாங்கும்போது பத்துப் பதினைந்து கூடவே வாங்கினால் என் பங்குக்கு ஐந்து எடுத்து வையுங்கள், காசு தந்துவிடுகிறேன்.